மெயில் வரவில்லை, பணம் மட்டும் போய்விட்டது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெயில் தாமதம் பற்றியவை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியதற்குக் கோபிக்க வேண்டாம். ஒருவர் தான் வாங்கிய ரூட்டரின் பில், அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மாகோல் வரை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

கேள்வி: ஐபோனில் ஜிமெயில் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது. லேப்டாப்பில் உடனே வந்துவிடுகிறது. போன் பழசு, எக்ஸ்சேஞ்சில் மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா சார்? (மதுரை)

மாற்றாதீர்கள். லேப்டாப்பில் உடனே வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. ஐபோனோடு வரும் மெயில் ஆப், ஜிமெயில் கணக்கு என்றால் வந்தவுடன் காட்டாது, அவ்வப்போது போய் எட்டிப்பார்த்துவிட்டு வரும். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை என்பது செட்டிங்ஸில் இருக்கிறது, உங்களுடையது ஒரு மணி நேரத்தில் இருக்கும். 15 நிமிடத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ஜிமெயிலின் சொந்த ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது.

இதே வியாதிக்கு நான் 4,300 ரூபாய்க்கு ரூட்டர் வாங்கினேன். அது போதாதென்று பிராட்பேண்ட் பிளானையும் ஏற்றினேன். மெயில் அப்போதும் மணிக்கு ஒரு முறைதான் வந்தது. ரூட்டர் இப்போது பரணில் இருக்கிறது. வீட்டில் யாராவது பரண் ஏறினால் இறங்கும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்கு எந்தக் கடையிலும் ரீஃபண்ட் இல்லை.

கேள்வி: ஓடிபி மெயிலில் வரத் தாமதம். ஐந்தாறு தடவை மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினேன். வந்த நம்பர் எதுவும் செல்லவில்லை, கணக்கையே பூட்டிவிட்டார்கள். காசு கட்டி வேகமான மெயில் வாங்கினால் சரியாகுமா? (சேலம்)

ஆகாது. பெரும்பாலான தளங்களில் நீங்கள் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் முந்தைய நம்பர் செத்துவிடும். ஒரு முறை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: பின்னலாடை ஜாப் ஒர்க் செய்கிறேன். ஜெர்மனியில் எங்கள் துணியை வாங்கும் பையருக்குக் காலையில் அனுப்பும் மெயில் மதியம்தான் போய்ச் சேருகிறது. வெப்சைட்டோடு அன்லிமிடெட் மெயில் இலவசம் என்று மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினேன். கேட்டால் தாமதம் பையர் பக்கம் என்கிறது, வெப்சைட்டையும் மெயிலையும் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனி. யார் சொல்வது உண்மை அண்ணா? (திருப்பூர்)

நீங்கள் அனுப்பிய ஹெடரை, அதாவது மெயிலோடு ஒட்டிக்கொண்டு வரும் பயணக் குறிப்பை, பார்த்தேன். மெயில் போன வழியெல்லாம் முத்திரை குத்திக்கொண்டே போகும், அந்தக் காலத் தபால் உறையைப் போல. ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே வைப்பதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். உங்களுடையதில் அடியில் இருக்கும் முத்திரை 10:42:09 +0530. அது உங்கள் ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர் மெயிலை வாங்கிக்கொண்ட நேரம். அதற்கு மேலே ஜெர்மன் சர்வரின் முத்திரை 11:25:40 +0200. பார்த்தால் முக்கால் மணி நேரம்தான் போல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், அது அவர்கள் ஊர் நேரம், +0530 நம்முடையது, +0200 அவர்களுடையது, நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நம் கணக்கில் பிற்பகல் 2:55:40. ஆக, நான்கு மணி நேரம் பதின்மூன்று நிமிடம் உங்கள் மெயில் நீங்கள் காசு கட்டிய கம்பெனியின் வரிசையில்தான் நின்றிருக்கிறது.

ஏன் நின்றது என்பது இன்னொரு கேள்வி. முதல் தடவை எழுதும் ஆளாக இருந்தால் சில சர்வர்கள் வேண்டுமென்றே "அப்புறம் வா" என்று திருப்பிவிடும். ஸ்பாம் அனுப்புகிறவன் திரும்ப வரமாட்டான், ஒழுங்கான சர்வர் வரும் என்பது கணக்கு. அப்படியென்றால் தாமதம் முதல் மெயிலுக்கு மட்டும்தான் இருக்கும். உங்களுக்குத் தினமும் நடக்கிறது, எனவே என் சந்தேகம் வேறு.

இந்த "அன்லிமிடெட்" என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலிவு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் ஒரே சர்வரில், வெளியே போக ஒரே வாசல், அதாவது ஒரே ஐபி முகவரி. பக்கத்துப் போர்ஷன்காரன் ராத்திரியோடு ராத்திரியாக லாட்டரி மெயிலைப் பல்லாயிரம் பேருக்குத் தட்டிவிட்டால், ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைக் குறித்து வைக்கும் ஸ்பாம்ஹவுஸ் மாதிரிப் பட்டியல்களில் ஏறுவது அந்த வாசலின் பெயர்தான். அதற்குப் பிறகு உங்கள் மெயிலையும் வெளியூர் சர்வர்கள் சந்தேகமாகத்தான் பார்க்கும், நிறுத்தி வைக்கும், சிலது கதவையே சாத்திவிடும். அது தவிர ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில்தான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அது விதிமுறைப் பக்கத்தின் அடியில் கிடக்கும். பேனரில் அன்லிமிடெட், பொடி எழுத்தில் லிமிட்! நானும் இப்படி ஒரு இடத்தில் மூன்று வருடம் கட்டி, எட்டாவது மாதமே ஓடிவந்தவன், மீதி இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கும் ஒரு பைசா திரும்பவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: அந்த மெயிலுக்கு ஜெர்மன் சர்வர் என்ன பதில் சொன்னது என்று உங்கள் கம்பெனியிடம் லாக், அதாவது சர்வரின் பதிவேடு, கேளுங்கள். எண் 4-இல் தொடங்கினால் "அப்புறம் வா", 5-இல் தொடங்கினால் "வராதே". எண்ணே இல்லாமல் வரிசையிலேயே கிடந்திருந்தால் குற்றம் முழுக்க இவர்களுடையது. மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி என்ற முறைக்கு 2008-இல் வந்த வரையறை, ஆர்எஃப்சி 5321, மறுமுயற்சிக்குக் குறைந்தது 30 நிமிட இடைவெளி விடச் சொல்கிறது, நான்கைந்து நாள் வரை விடாமல் முயலவும் சொல்கிறது. 30 நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டுகிறார்களா, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையா என்பதும் அந்த லாகில் தெரிந்துவிடும். அப்படியே உங்கள் டொமைனில், அதாவது வெப்சைட்டின் பெயரில், எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், மெயில் உங்கள் பெயரில் வந்த போலி இல்லை என்று காட்டும் பதிவுகள் அவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் தனக்கு மெயில் அனுப்புகிற எல்லோரிடமும் இரண்டில் ஒன்றாவது கேட்கிறது.

வெப்சைட் அங்கேயே இருக்கட்டும், மெயிலை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றலாம். உள்ளே வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் என்ற பதிவை டொமைனில் மாற்ற வேண்டும், வெளியே போகும் மெயிலையும் புது இடத்தின் வழியாகவே அனுப்பி, எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் டொமைன் உங்கள் பேரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்த தம்பியின் பேரில் இருந்தால் முதல் வேலை அதைப் பேர் மாற்றுவது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். மெயில் தாமதமாக வருகிறதே என்று இணையத்தில் தேடி ஒரு கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, என் திரையைப் பார்த்தபடியே 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது சில மெயில்கள் வருவதே இல்லை. என் முட்டாள்தனம்தான் ஐயா. (தஞ்சாவூர்)

முட்டாள்தனம் என்று சொல்லாதீர்கள் அம்மா. அவன் தினமும் பத்துப் பேரிடம் இதே வசனத்தைப் பேசுகிறவன், உங்களுக்கு இதுதான் முதல் தடவை. இலவச ஜிமெயில் கணக்குகளுக்குப் போனில் பேசும் கஸ்டமர் கேர் என்று ஒன்றே கிடையாது.

உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். அவன் போடச் சொன்ன ஆப்பை நீக்கிவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றி, மீட்புக்கான போன் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். சில மெயில்கள் மட்டும் வரவில்லை என்கிறீர்களே, அவை வேறொரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம், குறிப்பாக வங்கி மெயில்கள். அறிமுகமில்லாத முகவரி எது இருந்தாலும் முதலில் படம் எடுத்து வையுங்கள், புகாருக்கு வேண்டும், அதற்குப் பிறகு அழியுங்கள். 6,500 ரூபாய் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் மேற்கொண்டு போகாமல் தடுக்கலாம்.

கேள்வி: ஜிமெயிலில் இடம் தீர்ந்துவிட்டது என்று ஆறு மாதமாகச் சிவப்பில் காட்டுகிறது, நான் கண்டுகொள்ளவில்லை. இப்போது யார் அனுப்பினாலும் வருவதில்லை. கூகுள் மீது நுகர்வோர் வழக்குப் போடலாமா? (கோவை)

ஆறு மாதமாக எச்சரித்தவர் மீதா? 15 ஜிபி என்பது மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் உட்காரும். குட் மார்னிங் வீடியோக்களை அழித்தாலே பாதி காலியாகும். இதற்கிடையில் வந்தவை வரிசையில் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள், அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கும். நேர்முகத் தேர்வுக் கடிதம் ஏதாவது எதிர்பார்த்தீர்களா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

கேள்வி: 22 எம்பி கோப்பு ஒன்றை இணைத்தால் சில ஆபீஸ்களுக்குப் போவதில்லை. அவர்கள் 25 எம்பி வரை வரும் என்கிறார்கள். (நாகர்கோவில்)

மெயிலில் ஏறும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். உங்கள் 22 அங்கே 29-க்கு மேல். லிங்க் அனுப்புங்கள்.

கேள்வி: மிக்சி வாரண்டி பற்றி உங்களுக்கு எழுதி நான்கு வாரம் ஆகப்போகிறது. பதிலே இல்லை. மெயில் தாமதமா, நீங்கள் தாமதமா? (விழுப்புரம்)

நான்தான். உங்கள் மெயில் அனுப்பிய மூன்றாவது நொடியில் வந்திருக்கிறது, ஜிமெயிலில் மெயிலின் மூலத்தை (ஷோ ஒரிஜினல்) திறந்தால் அதையும் காட்டுகிறது. கிடந்தது என் ஸ்பாம் பெட்டியில், 26 நாளாக. 30 நாளில் தானாக அழிந்திருக்கும். தலைப்பில் "அவசரம்!!! பணம் திரும்ப வேண்டும்!!!" என்று போட்டிருந்தீர்கள், ஜிமெயில் பயந்துவிட்டது போலிருக்கிறது. மிக்சி ஜார் பற்றிய பதில் அடுத்த முறை. அதுவரை பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மை அழியும் ரகம் என்றால் இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள்.