வாசகர் கேள்வி: ஒரே லைப்ரரியில் பல பிராசஸர்கள்

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுதுபார்க்கிறேன். ஒன்றில் ஏவிஆர், மற்றொன்றில் ஏஆர்எம், இப்போது ரிஸ்க்-ஃபைவ் என வெவ்வேறு வகைப் பிராசஸர்கள். அனைத்துக்கும் பொதுவாக ஒரே அசெம்பிளர் (கட்டளை உரையைப் பைட்டுகளாக்குவது), டிஸ்அசெம்பிளர் (பைட்டுகளை மீண்டும் உரையாக்குவது) லைப்ரரி எழுத முடியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: முடியும். பிராசஸரைப் பற்றிய விவரங்களை நிரலுக்குள் புதைக்காமல், ஒரு கட்டளைக்கு ஒரு வரி என்று அட்டவணையில் எழுதி, அசெம்பிளரும் டிஸ்அசெம்பிளரும் அதே வரியைப் படிக்கும்படி அமைப்பதே இதன் அடிப்படை. கம்பைலர்களை உருவாக்க உதவும் எல்எல்விஎம் திட்டத்தின் டேபிள்ஜென் என்ற கருவி இப்படித்தான் இயங்குகிறது.

அட்டவணையின் வடிவத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் ஓர் எண்ணைக் கூட்டும் 'ஏடிடிஐ' கட்டளையில் 12 பிட் எண் மேல்முனையில் தொடர்ச்சியாக அமைந்திருப்பதால், தொடக்க இடத்தையும் நீளத்தையும் குறித்தாலே போதும் என்று தோன்றும். ஆனால் அதே பிராசஸரின் கிளைக் கட்டளைகளில் (நிபந்தனை பொருந்தினால் நிரலின் வேறிடத்துக்குத் தாவுபவை) தாவல் தூரம் நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே, ஒவ்வொரு புலத்தையும் (கட்டளைக்குள் ஒரு மதிப்பைத் தாங்கும் பிட்டுகளை) துண்டுகளின் பட்டியலாகவே முதல் நாளிலிருந்து வரையறுத்துவிடுங்கள்; பின்னர் மாற்றுவது பெரும்பாடு. இன்டெல் வகைக் கணினிகளின் எக்ஸ்86 பிராசஸரில் கட்டளையின் நீளம் 1 முதல் 15 பைட் வரை மாறுவதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

சோதிக்கும்போது உரையை ஒப்பிடாமல் பைட்டுகளை ஒப்பிடுங்கள். ஏவிஆரில் 'எல்எஸ்எல்' என்பது ஒரு ரெஜிஸ்டரை (பிராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை) அதனுடனேயே கூட்டும் 'ஏடிடி' கட்டளைதான். பெயர் மாறினாலும் பைட்டுகள் மாறுவதில்லை. உங்கள் பலகைகளிலிருந்து எடுத்த நிரலை டிஸ்அசெம்பிளரால் பிரித்து, அசெம்பிளரால் மீண்டும் கோத்து, இவ்விரண்டும் அடங்கிய கருவித் தொகுப்பான குனு பின்யூட்டில்ஸ் தரும் விடையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.