கேட்டது நீங்கள், மாட்டியது நான்

கேள்வி: போன இதழில், "எந்தத் தாளையும் ஏழு தடவைக்கு மேல் மடிக்க முடியாது" என்று அடித்துச் சொன்னீர்கள். கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதக்கூடாதா?
– சிவப்பு மை வாசகர்

பதில்: விசாரித்தேன், ஐயா. தப்பு என்னுடையதுதான். 2002-ல் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவி, ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள கழிப்பறைத் தாளை 12 முறை மடித்துக் காட்டிவிட்டார். எத்தனை மடிப்புக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நான் கணக்கும் போடவில்லை, மடித்தும் பார்க்கவில்லை.

பிராயச்சித்தமாக இன்று காலை செய்தித்தாளில் ஒரு விரிப்பை எடுத்தேன். நாலு மடிப்பு வரை கை சொன்னபடி கேட்டது. ஐந்தாவதுக்கு முழங்கால் தேவைப்பட்டது. ஆறாவதில் 64 அடுக்கு. மடிப்புப் பக்கம் வீங்கிக்கொண்டு தாள் என்பதையே மறந்துவிட்டது. ஏழாவதுக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். எழுந்ததும், சோம்பல் முறிப்பதுபோல மெல்ல விரிந்துகொண்டது. "ஏங்க, அது இன்னிக்குப் பேப்பரா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் இன்னும் குறுக்கெழுத்துப் போடவில்லை.

கேள்வி: தாத்தா, முடியும் என்றே வைத்துக்கொள்வோம். 42 தடவை மடித்தால் என்ன ஆகும்?
– பேரன் (தபால் செலவு இல்லாத வாசகர்)

பதில்: தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். பத்து மடிப்பில் பத்து சென்டிமீட்டர்தான், ஒரு தடித்த அகராதி அளவு. 42-ல் சுமார் 4,40,000 கிலோமீட்டர். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில் இருக்கிறது. அதாவது நிலாவைத் தாண்டிப் போய்விடும். 41-ல் நிறுத்தினால் பாதி வழிதான். பாட்டி கூப்பிடும்போது நான் அங்கே இருந்தால் வசதி.

கேள்வி: உலகத்தில் உள்ள அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடி ஒரே நேரத்தில் குதித்தால் பூமி நகருமா?
– தூக்கம் வராத வாசகர்

பதில்: நகரும். ஆனால் நகர்ந்ததைப் பார்த்தேன் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. 800 கோடிப் பேர், ஆளுக்கு 50 கிலோ என்று போட்டால் மொத்தம் 40,000 கோடி கிலோ. பூமியின் எடை 6 போட்டு 24 பூஜ்யம். நாம் எல்லோரும் ஓர் அடி எம்பினால் பூமி கீழே இறங்குவது ஓர் அணுவின் அகலத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் தரையைத் தொட்டதும் அதுவும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

எனக்குக் குதிப்பதைவிடக் கூடுவதுதான் கவலை. ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர் என்று நெருக்கி நிறுத்தினாலும் 45 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம் உள்ள மைதானம் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நடுவில் நின்று கத்தினால், ஓரத்தில் நிற்பவர் காதுக்குச் சத்தம் போய்ச் சேரவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நடுவில் இருப்பவர்கள் குதித்து முடித்து, செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத மனிதனாக ஒரு நாள் வரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?
– பெயர் வெளியிட விரும்பாதவர் (ஏன் என்று புரிகிறது)

பதில்: சுவரில் முட்டிக்கொள்வேன். வெளிச்சம் நம் விழித்திரையில் விழுந்து அங்கேயே நின்றால்தான் நமக்குப் பார்வை. உடம்பு முழுக்க வெளிச்சம் ஊடுருவிப் போனால் விழித்திரையிலும் நிற்காது, குருடுதான். பார்வை மட்டும் வேண்டும் என்று கடவுளிடம் பேரம் பேசினால், அந்தரத்தில் இரண்டு சின்ன வட்டங்கள் மிதந்து போவதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் போக நினைத்த இடத்தில் அது இன்னும் மோசம்.

கேள்வி: சுவரில் ஒட்டிய வாழைப்பழம் கோடிக்கணக்கில் விலை போனதாமே?
– வயிறெரிந்த வாசகி

பதில்: ஆமாம் அம்மா. இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019-ல் மயாமி பீச் கலைச் சந்தையில் ஒரு பழத்தை ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி வைத்தார். 1,20,000 டாலருக்குப் போனது. அங்கேயே இன்னொரு கலைஞர் அதை உரித்துத் தின்றுவிட்டார். யாரும் பதறவில்லை, வேறு பழம் ஒட்டினார்கள். ஏனென்றால் வாங்குபவருக்குக் கிடைப்பது பழம் அல்ல, ஒரு சான்றிதழும் எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். 2024-ல் நியூயார்க் ஏலத்தில் இதே படைப்பு 62 லட்சம் டாலர். வாங்கிய கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் அதையும் தின்றார். பழம் அழுகுவதற்குள் தின்ன வேண்டும் என்ற பொது அறிவு பணக்காரர்களுக்கும் இருப்பது ஆறுதல்தான்.

கேள்வி: ராணுவம் பறவைகளிடம் தோற்ற கதை உண்மையா?

பதில்: உண்மை. 1932, மேற்கு ஆஸ்திரேலியா. கோதுமை வயலில் ஈமுக் கோழிகள் புகுந்தன என்று இயந்திரத் துப்பாக்கிகளோடு போனார்கள். ஈமுக்கள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து ஓடின. துப்பாக்கியை லாரியில் ஏற்றித் துரத்தினால் மேடு பள்ளத்தில் குறி வைக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் திரும்பி, மறுபடியும் போய், டிசம்பரில் கைவிட்டார்கள். அந்த நாட்டின் அரசுச் சின்னத்தில் கங்காருவுக்கு எதிரே நிற்பதும் ஈமுதான். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: எனக்குப் பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போகிறது. ஏதாவது யோசனை?

பதில்: பெங்குவினாக மாறிப் பாருங்கள். எடின்பரோ விலங்குக் காட்சியகத்தில் இருக்கும் நில்ஸ் ஒலாவ் என்ற பெங்குவின், நார்வே மன்னரின் காவல் படையில் 2023-ல் மேஜர் ஜெனரல் ஆகிவிட்டது. 2008-ல் சர் பட்டம் வேறு. வேலை, அணிவகுப்பை ஒரு நடை பார்வையிடுவது.

கேள்வி: ஒரே ஆளாக உட்கார்ந்து எழுதும் நீங்கள், பதிலில் அடிக்கடி "நாம்" என்கிறீர்களே? உங்களோடு இன்னும் யார்?
– மறுபடியும் சிவப்பு மை

பதில்: இந்தக் கேள்விக்காக உங்கள் பழைய குற்றங்களை எல்லாம் மன்னித்தேன்.

இதே சிக்கலில் ஓர் இயற்பியலாளர் மாட்டியிருக்கிறார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹெதரிங்டன். 1975-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தன்னந்தனியாக எழுதி, தட்டச்சும் செய்து முடித்தார். படித்துப் பார்த்த சக ஊழியர், "ஆசிரியர் ஒருவர்தான், ஆனால் கட்டுரை முழுக்க நாங்கள் நாங்கள் என்று இருக்கிறதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார். கட்டுரையைக் கணினியில் அடிக்கும் பழக்கம் வராத காலம். ஒரு சொல்லை மாற்ற மொத்தத்தையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். மனிதர் யோசித்தார். வீட்டில் செஸ்டர் என்று ஒரு சயாமியப் பூனை. அதன் அப்பா பெயர் வில்லார்டு. அவ்வளவுதான், எஃப். டி. சி. வில்லார்டு என்ற பெயரில் பூனையைத் துணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். எஃப். டி. என்பது வீட்டுப் பூனையின் லத்தீன் பெயர்ச் சுருக்கம், சி. செஸ்டர். கட்டுரை புகழ்பெற்ற இயற்பியல் இதழில் அச்சாகியும்விட்டது. அப்புறம் சில பிரதிகளில் ஹெதரிங்டன் கையெழுத்துப் போட, பூனை மையில் பாதம் பதித்தது.

இதில் எனக்குள்ள ஒரே வருத்தம், மனிதருக்குத் தமிழ் தெரியாமல் போனது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நம்மிடம் "நாங்கள்" வேறு, "நாம்" வேறு. "நாங்கள் கண்டுபிடித்தோம்" என்றால் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும், பூனையாவது வேண்டும். "நாம் பார்த்தோம்" என்றால் படிப்பவரும் அதில் சேர்த்தி. ஆள் கணக்கு சரியாகிவிடும். ஆகவே சிவப்பு மையாரே, என் "நாம்" என்பதில் இருக்கும் அந்த இன்னொருவர் நீங்கள்தான். ஏழு மடிப்புத் தவறிலும் பாதிப் பங்கு உங்களுடையது.

கேள்வி: ஒரு நாளையே காலண்டரிலிருந்து காணாமல் அடித்த நாடு எது? அன்று பிறந்தநாள் உள்ளவர்கள் என்ன செய்தார்கள்?

பதில்: சமோவா. 2011 டிசம்பர் 29 வியாழன் இரவு படுத்தார்கள், எழுந்தால் 31 சனி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வியாபாரம் செய்ய வசதியாகத் நாள் மாறும் சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கம் தாவிவிட்டார்கள். 30-ல் பிறந்தவர்களுக்கு அந்த வருஷம் வயது ஏறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் வேடிக்கை, 1892-ல் எதிர்ப்பக்கம் தாவியபோது அதே சமோவா ஜூலை 4-ஐ இரண்டு தடவை கொண்டாடியது. வாங்கிய நாளை 119 வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் புத்தகம் இரவல் வாங்கியவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: விரலில் நெட்டி முறித்தால் மூட்டு வலி வருமா?

பதில்: அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் நெட்டி முறித்து, வலது கையைச் சும்மா விட்டு ஒப்பிட்டார். இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-ல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஓர் ஆள், இரண்டே கை. இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அறுபது வருஷம் வலது கையை மறக்காமல் சும்மா விட்டுவைத்த பொறுமைக்கு இன்னொரு பரிசே தரலாம்.

கேள்வி: இன்று நீங்கள் படித்ததில் மிக விநோதமான செய்தி எது?

பதில்: அது ஆறு மடிப்புக்கு உள்ளே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருக்கிறது. குறுக்கெழுத்துக்காரி முடித்துவிட்டுக் கொடுத்தால் அடுத்த இதழில் சொல்கிறேன்.