வாளையாரில் இறங்காத வசம்பு

அன்புள்ள ஐயா,

பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையின் மகப்பேறு வார்டில் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நோயாளிகளின் பண்பாடு அறிந்து பணிசெய்வது பற்றி அண்மையில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தமிழர், இஸ்லாமியர், ஆதிவாசிகள் என்று கட்டம் கட்டி ஒரு தாள் கொடுத்தார்கள். தமிழர் கட்டத்தில், 'பிரசவித்தவளுக்குத் தண்ணீர் தரமாட்டார்கள், குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பார்கள்' என்று இருந்தது. அன்று முதல் தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். தமிழரை இளக்காரமாக 'அந்தப் பாண்டிக் கேஸைப் பார்' என்று சொல்வது மட்டும் நிற்கவில்லை. பண்பாடு அறிவது என்றால் இதுதானா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. அந்தத் தாளைத் தயாரித்தவருக்குத் தமிழரையும் தெரியவில்லை, தம் வீட்டையும் தெரியவில்லை. வயம்பும் (வசம்புக்கு மலையாளப் பெயர்) பொன்னும் தேனில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவது மலையாள வீடுகளிலும் உண்டு. பயிற்சி எடுத்தவருக்கே அவருடைய பாட்டி தடவியிருக்கலாம். தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையார் சோதனைச் சாவடியில் வசம்பு பஸ்ஸைவிட்டு இறங்கிக்கொள்வதில்லை.

பண்பாடு அறிந்து பணிசெய்யும் இந்தத் துறைக்கு வித்திட்டவர் மேடலீன் லைனிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர். மானிடவியலும் படித்து, 1960களில் பாப்புவா நியூ கினியில் காட்சப் மக்களோடு தங்கி ஆய்வு செய்தவர். நோயாளியின் வழக்கத்தை அப்படியே விடலாம், அதற்கு இணங்கி நம் முறையை வளைக்கலாம், கேடு வரும் இடத்தில் அவரோடு பேசி மாற்றலாம் என்று மூன்று வழிகளைச் சொன்னார். எந்த வழி என்பது எதிரில் இருப்பவரிடம் கேட்டபிறகுதான் தெரியும்.

உங்கள் வார்டையே எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதே மையைக் கண்ணுக்குள் தீட்டினால் தடுக்கத்தான் வேண்டும். சில மைகளில் ஈயம் இருக்கிறது. தேனும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற நஞ்சேற்றம் வரக்கூடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதில் தமிழர், மலையாளி என்ற பேதமே கிடையாது.

தண்ணீர் விஷயம்தான் சுவையானது. மாமியாரை அதட்டுவதற்கு முன் 'ஏன் வேண்டாம் என்கிறீர்கள் அம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் வயிறு தொங்கிவிடும் என்பார், இன்னொருவர் தையல் சீழ் பிடிக்கும் என்பார், மற்றொருவர் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார். மூன்றும் வெவ்வேறு பயங்கள். சளிதான் பயம் என்றால் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஃபிளாஸ்க்கில் நிரப்பிக் கட்டிலருகே வைத்துவிடுங்கள். பாலூட்டுகிறவளுக்கு வேண்டியது நீர். அது சூடாக இருந்தால் என்ன? கேரளத்தில் சீரக வெள்ளத்துக்குப் பஞ்சமா! தையல்தான் பயம் என்றால் வெந்நீர் பேச்சு எடுபடாது. தையலைக் காட்டி, அது எப்படி ஆறுகிறது என்று மாமியாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1978இல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில், மருத்துவர் நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தொகுத்தார். 'எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்' என்பதும் அதில் உண்டு. அச்சிட்டுக் கொடுப்பதாக இருந்தால் அந்தக் கேள்விகளை அச்சிட்டிருக்கலாம்.

இனி 'பாண்டிக் கேஸ்'. என் கணக்கில் உங்கள் கடிதத்தின் உண்மையான விஷயம் இதுதான். நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் கைவைத்ததும் இங்கேதான். நோயாளியின் வழக்கங்களைப் பட்டியல் போடுவதைவிட, செவிலியர் தன் பார்வையையும் தன் கையிலுள்ள அதிகாரத்தையும் கவனிக்க வேண்டும் என்றார். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமையை நோயாளிக்கே கொடுத்தார். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் இந்த அணுகுமுறையைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியது. அந்த அளவுகோலில் உங்கள் வார்டு, அந்தச் சொல் காதில் விழும் கணத்திலேயே தோற்றுவிடுகிறது. கையில் எத்தனை தாள் இருந்தும் பயனில்லை.

உங்களைக் கூப்பிடுவதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் சொந்தக் கட்டில்களுக்கு மேல் சுமத்தப்படும் வேலை. மேற்பார்வைச் செவிலியரிடம் ஒன்று கேளுங்கள்: நீங்கள் விடுப்பில் இருக்கும் இரவில் அந்தத் தாயிடம் யார் பேசுவார்கள்? பாலக்காட்டில் தமிழ் அறவே புரியாத செவிலியர் அரிது. பேசத்தான் கூச்சம். பைஸ்டாண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, வந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனை நடுவில் நிறுத்தி அவனுடைய அக்காவின் உதிரப்போக்கைப் பற்றி விசாரிப்பதைவிட, அந்தக் கூச்சத்தோடு அரைகுறைத் தமிழில் அவர்களே கேட்கலாம்.