கில்லன் பாரே நோயால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை எதற்கு? உடலின் இரத்தம் முழுவதையும் மாற்றிவிடுவார்களா? 2 முறை செய்தும் முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாமா?

மருத்துவர் வேறு காரணம் சொல்லாத வரை பாதியில் நிறுத்த வேண்டாம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். உங்கள் சித்தப்பாவைப் போல கில்லன் பாரே என்னும் நரம்பு நோயில் கை கால் விழுந்து, வென்டிலேட்டரில் படுத்திருப்பவர்களின் வீட்டார் பெரும்பாலும் இரண்டாவது முறை முடிந்ததும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

நீங்கள் அஞ்சுவது போல உடலின் இரத்தம் முழுவதையும் மாற்றுவதில்லை. கழுத்திலோ தொடையிலோ பொருத்திய தடித்த குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போகும் இரத்தத்திலிருந்து, மஞ்சள் நிற நீரான பிளாஸ்மா மட்டும் பிரித்து அகற்றப்படுகிறது. இரத்த அணுக்கள் அவருக்கே திரும்பிப் போக, அகற்றிய அளவுக்கு அல்புமின் என்னும் புரதக் கரைசலோ, நோயைப் பொறுத்துக் கொடையாளர்களின் பிளாஸ்மாவோ ஏற்றப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஒரு முறைக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர்.

கில்லன் பாரே நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புரதங்களே நரம்புகளைத் தாக்குகின்றன. அவை பிளாஸ்மாவில்தான் இருக்கின்றன. ஒரு முறை மாற்றினால் இரத்தத்தில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் போய்விடும் என்றாலும், இரத்தக் குழாய்களுக்கு வெளியே திசுக்களில் தங்கியிருப்பவை ஓரிரு நாளில் மீண்டும் இரத்தத்துக்குள் வந்து சேர்வதால்தான், ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பொதுவாக 5 முறை வரை செய்கிறார்கள். ஆனால் தீயை அணைப்பது வேறு, எரிந்த கூரையை வேய்வது வேறு. சிதைந்த நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். ஆகவே இரண்டாம் முறைக்குப் பின் கை தூக்கவில்லை என்பதை வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டதாக முடிவுகட்ட முடியாது. 1985இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், இச்சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டு நடந்தார்கள். நோய் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆரம்பித்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது.

கொடையாளர்களின் எதிர்ப்புரதங்களைக் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் இதற்கு இணையான பலன் தருவதுதான். இரண்டையும் சேர்த்துச் செய்வதால் கூடுதல் நன்மை நிறுவப்படவில்லை. ஊசியைப் போட்ட கையோடு பிளாஸ்மாவை மாற்றினால் அந்த மருந்தும் வெளியேறிவிடும்.

ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தம் இறங்கலாம், குழாய் வழியே கிருமி தொற்றலாம், அல்புமின் மட்டும் ஏற்றும்போது இரத்தம் உறைவதற்கான புரதங்கள் குறைந்து கசிவு வரலாம். இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் கால்சியம் குறைந்து உதட்டைச் சுற்றி மரமரப்பு ஏற்படும். வாயில் குழாய் இருப்பவர் அதைச் சொல்ல முடியாது என்பதால், கண் சிமிட்டிப் பதில் சொல்லும்படி நாங்கள் அடிக்கடி கேட்போம். அவருக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். படுக்கையருகே நின்று செலவையும் அவநம்பிக்கையையும் பேசாதீர்கள்.

மயஸ்தீனியா என்னும் தசைத் தளர்ச்சி நோயில் மூச்சுத் தசை தளரும்போதும், டிடிபி என்னும் அரிய இரத்த நோயிலும் இச்சிகிச்சை உயிர் காக்கிறது. கிருமித்தொற்று முற்றிய செப்சிஸுக்கு அவ்வளவு உறுதியான சான்று இன்னும் இல்லை. எனவே எந்த நோய்க்குச் சொன்னாலும், எந்தப் பொருளை அகற்றுவதற்காகச் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செலவு தாங்கவில்லையென்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவையும், அரசுப் பெரியாஸ்பத்திரி நரம்பியல் துறையையும் இன்றே விசாரியுங்கள். அடுத்த முறைக்கான நாள் தள்ளிப்போக விடாதீர்கள்.