வாசகர் கேள்விகள்: திரையில் மீளும் குற்றங்கள்

கேள்வி: 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்ற அறிவிப்போடு வரும் குற்றப் படங்களைப் பார்த்த பிறகு, நடந்தது எது, படத்துக்காகச் சேர்த்தது எது என்று பிரித்தறிய முடிவதில்லை. காலப்போக்கில் படமே வரலாறாகிவிடுமோ?

பதில்: சில வழக்குகளில் ஏற்கெனவே ஆகிவிட்டது. பானி பார்க்கர், கிளைட் பாரோ என்ற அமெரிக்கக் கொள்ளையரை 1934 மே 23 அன்று லூசியானாவில் காவலர்கள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றனர். அந்தக் காவலர்களில் முதன்மையானவரான ஃபிராங்க் ஹேமர், 1967-இல் ஆர்தர் பென் இயக்கிய 'பானி அண்ட் கிளைட்' படத்தில், முன்பே கொள்ளையரிடம் சிக்கி அவமானப்பட்டு, அந்த வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்பவராக வருகிறார். உண்மையில் அந்த நாளுக்கு முன் அவர் அவ்விருவரையும் நேரில் சந்தித்ததே இல்லை. அவருடைய மனைவியும் மகனும் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எத்தனை பேர், படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சேர்த்ததைவிட, விட்டுவிட்டதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1934 ஏப்ரல் 1 அன்று டெக்சாஸில் கிரேப்வைன் அருகே அந்தக் கும்பல் நெடுஞ்சாலைக் காவலர் இருவரைக் கொன்றது. அவர்களில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்குள் திருமணம் நடக்கவிருந்தது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் மண உடையை அணிந்துகொண்டே இறுதிச் சடங்குக்கு வந்தார். படத்தில் அவருக்கு இடமில்லை. சுடப்பட்டு விழும் காதலர்களுக்காக நாம் கலங்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்ட கதையில் அவருக்கு இடம் கொடுக்கவும் முடியாது. (பழி முழுவதையும் சினிமாவின் மேல் போடுவதும் நியாயமன்று. சுருட்டைக் கடித்தபடி பானி நிற்கும் புகைப்படம் அந்தக் கும்பலே விளையாட்டாக எடுத்துக்கொண்டது. 1933-இல் ஜாப்லின் நகரில் அவர்கள் விட்டு ஓடிய ஃபிலிம் சுருளிலிருந்து கிடைத்த அதைப் பத்திரிகைகள் அப்போதே பரப்பிவிட்டன.)

கேள்வி: அப்படியானால் இத்தகைய படங்களை எடுக்காமலே இருப்பது நல்லதல்லவா?

பதில்: நான் அப்படி நினைக்கவில்லை. தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டனர். 2003-இல் போங் ஜூன்-ஹோ 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தை எடுத்தபோது, அந்தத் தொடர்கொலைகளைச் செய்தவன் யாரென்று எவருக்கும் தெரியாது. கற்பனையில் ஒரு கொலைகாரனைப் படைத்து முடிச்சை அவிழ்ப்பது எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யாமல், துப்பறிந்தவரை நேராகக் கேமராவைப் பார்க்கவைத்துப் படத்தை முடித்தார். சந்தேகத்தின் பேரில் பிடித்தவர்களை அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்க முயலும் காவலர்களையும் அவர் மறைக்கவில்லை. 2019-இல் மரபணுச் சோதனை, வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையிலிருந்த ஒருவனை அடையாளம் காட்டியது. அந்தப் பத்துக் கொலைகளில் ஒன்றைச் செய்ததாகத் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகளைச் சிறையில் கழித்த வேறொருவரை, 2020 டிசம்பரில் நீதிமன்றம் நிரபராதி என்று அறிவித்தது. அவரிடம் காவல்துறை வாக்குமூலம் பெற்ற விதம் சட்டவிரோதமானது என்பதையும் அப்போதுதான் ஏற்றுக்கொண்டது.