தவறைத் தவறென்று சொல்வதே பாவமா?

‘குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்று இயேசு சொல்லியிருக்க, ஒருவர் செய்த தவறைச் சுட்டிக்காட்டுவது கிறிஸ்தவருக்குத் தகுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தகும் என்றே நினைக்கிறேன்; ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு.

களியக்காவிளைக்கு அருகில் எங்கள் வீடு. மனைவி எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலைப் பக்கத்தவள் என்பதால் தமிழ் வேதாகமமும் மலையாள வேதாகமமும் ஒரே மேசையில் இருக்கின்றன. மத்தேயு 7:1இல் மலையாளம் ‘விதிக்கருது’ என்று ஒரே சொல்லில் நிறுத்திக்கொள்ள, பழைய தமிழ் மொழிபெயர்ப்போ ‘குற்றவாளிகளென்று’ என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சேர்க்கை எனக்குச் சரியாகவே படுகிறது. ஏனெனில் யோவான் 7:24இல் நீதியின்படி தீர்ப்புச்செய்யச் சொல்பவரும் இயேசுதான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் அவர், நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்ப்பதில்லை என்றார். இனிப் பாவஞ்செய்யாதே என்றும் சேர்த்தே சொன்னார்.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் கழுத்தைப் பிடிக்கிறான். அந்த நூறை அற்பத் தொகை என்று பிரசங்கத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி எந்தத் தொழிலாளிக்கும் அற்பமன்று. இரக்கம் காட்டுவதற்காகக் கடனைச் சிறியதென்று பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாலந்தே ஏறத்தாழ ஆறாயிரம் நாள் கூலி என்றால், அவனுக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நான் சொன்ன அந்த வரிசையைக் கற்றது எங்கள் இரண்டு ஏக்கர் ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில். மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்ட வந்தவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர். பாலை ஊற்றியெடுத்த பிறகு, அது வடிந்து விழும் சிரட்டையிலும் மரத்தின் வெட்டிலும் ஒட்டி உலர்ந்து கிடப்பதை ஒட்டுப்பால் என்போம். அதற்கும் விலை உண்டு. ஒரு வருடம் அதன் எடை குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் விடியற்காலையில், அவருடைய சைக்கிள் கேரியரில் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்த ஒட்டுப்பாலை என் கண்ணாலேயே கண்டேன். அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், அன்று இரவே சபைக் கமிட்டியில் எழுந்து சொன்னேன். பாடம் வாசிப்பதிலிருந்து அவரை நீக்க வேண்டுமென்று முன்மொழிந்ததும் நான்தான்.

சில வாரங்கள் கழித்துப் பழைய கணக்கு நோட்டைப் புரட்டியபோது, மழைக்கு முன் அவர் வெட்டிய பதினொரு நாள் கூலி என் கையெழுத்திலேயே ‘பாக்கி’ என்று எழுதப்பட்டுக் கிடந்தது. அது ஒட்டுப்பாலின் விலையைவிட அதிகம். மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோய், வேறு வருமானமில்லாத அந்த மாதங்களில் அவர் இரண்டுமுறை முன்பணம் கேட்டதும், ‘பார்ப்போம்’ என்று சொல்லி நான் அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை எத்தனையோ முறை வாசித்தும், அது பிறருடைய வயலைப் பற்றியது என்றே எண்ணியிருந்தேன்.

பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். “பாக்கி உண்டுன்னு எனக்குத் தெரியும் அண்ணா, கேக்க மடியா இருந்துது,” என்றார். சற்று நேரம் கழித்து, நான் கேளாமலே, “ஒட்டுப்பால் எடுத்ததும் உள்ளதுதான்,” என்றார். முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்ற வசனத்தில் ‘முன்பு’, ‘பின்பு’ என்னும் இரு சொற்களும் அவருடைய திண்ணையில்தான் எனக்கு விளங்கின. துரும்பு இல்லையென்று வசனம் சொல்லவில்லை. அதை எடுக்க வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அடுத்த கமிட்டியில் என் பாக்கியைப் பற்றி எழுந்து சொன்னேன். ‘மறதி யாருக்குத்தான் இல்லை’ என்று என்னை உடனே தேற்றினார்கள். என்னை எதிலிருந்தும் நீக்க யாரும் முன்மொழியவில்லை. அவரைத் திரும்பப் பாடம் வாசிக்க அழைக்க முடிவாயிற்று. அவர் இன்னும் வரவில்லை. ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்.