ஓட்டத்துக்கு ஏற்ற ஷூ எது?

கேள்வி: தினமும் காலையில் 5 கி.மீ. ஓடுகிறேன். அலுவலகத்துக்கு அணியும் அளவிலேயே ஓட்டத்துக்கும் ஷூ வாங்கினேன். இரண்டே மாதத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. எனக்குத் தட்டைப் பாதம் என்பதால் அதற்கென்று விலை கூடிய ஷூ வாங்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: நகம் கறுத்ததற்குத் தட்டைப் பாதத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஓடும்போது பாதம் சற்று வீங்கி முன்னோக்கி நகர்வதால், இடமில்லாத ஷூவின் முனையில் விரல் மீண்டும் மீண்டும் இடித்து, நகத்தின் அடியில் இரத்தம் கட்டியிருக்கக்கூடும். ஆகவே, பாதம் சிறிது பருத்திருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் காலுறையுடனேயே கடைக்குச் சென்று, இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்குங்கள். நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கும் (சிலருக்கு அது இரண்டாவது விரல்) ஷூவின் முனைக்கும் இடையே கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது.

ஈரப் பாதத்தின் சுவடு பார்த்து, பாதத்தின் உள்வளைவு எவ்வளவு (தட்டைப் பாதத்தில் அது குறைவு) என்று கணித்து ஷூ தேர்ந்தெடுக்கும் பழைய முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில், பாத வளைவுக்கேற்ப ஷூ கொடுத்தும் காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. வலி தராத தட்டைப் பாதத்துக்குத் தனி ஷூ தேவையில்லை. கடையிலேயே சிறிது தூரம் ஓடிப் பார்த்து, வசதியாக இருப்பதையே எடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும், அந்த நகத்தை உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.